எழுந்து நின்ற நீதிபதி



இந்தப் பக்கத்தில் வழக்கமாக மிஷனெரிமார், எழுப்புதல் வீரர்கள் இவர்களுடைய வாழ்க்கை வரலாறுதான் வரும். இந்த மாதம் என்னை எழுதும்படி பாஸ்டர் ஐயா சொன்னபோது, வேறு மாதிரி ஒருவரைப் பற்றி எழுதட்டுமா என்று கேட்டேன். இவர் மிஷனெரி அல்ல. இவர் ஜெபித்து வியாதிக்காரர் எழும்பினதாகவும் சரித்திரம் இல்லை. இவர் ஒரு நீதிபதி. குற்றமில்லாத ஜனங்கள் சாவதற்குக் காரணமாயிருந்தவர்களில் ஒருவர். அப்படிப்பட்டவரை ஏன் எடுத்தாய் என்று கேட்பீர்கள். அதைக் கடைசியில் சொல்லுகிறேன்.

அவர் பெயர் சாமுவேல் சூவல். 1652ல் இங்கிலாந்தில் பிஷப்ஸ்டோக் என்ற ஊரில் பிறந்தார். ஒன்பது வயசில், 1661ல், கப்பலேறி அமெரிக்காவிலிருந்த மாசசூசெட்ஸ் குடியேற்றத்துக்கு வந்து சேர்ந்தார். அந்தக் குடியேற்றத்தை உண்டாக்கினவர்கள் பியூரிட்டன்கள். மோட்ச பிரயாணம் எழுதின ஜான் பனியனை நமக்குத் தெரியுமே, அவரும் அந்த வழியில் வந்தவர்தான். வேதத்தில் இல்லாத எந்தச் சடங்கும் ஆராதனைக்குள் இருக்கக்கூடாது, சபை முழுவதும் சுத்திகரிக்கப்பட வேண்டும் என்பது அவர்களுடைய வைராக்கியம். இங்கிலாந்து ராஜாவும் பிஷப்புமார்களும் அதற்கு இடங்கொடுக்கவில்லை. ஆகவே 1630ல் ஜான் வின்த்ரோப் என்பவரின் தலைமையில் பெருங்கூட்டமாகக் கடல் தாண்டி வந்து பாஸ்டன் பட்டணத்தைக் கட்டினார்கள். தேவனோடு உடன்படிக்கை பண்ணின ஜனம் என்று தங்களை எண்ணினார்கள். பஞ்சம் வந்தாலும், புயல் வந்தாலும், பிள்ளை செத்தாலும், நம்மில் என்ன பாவம் இருக்கிறது என்று உபவாசம் போட்டுத் தேடுவார்கள்.

இந்த ஜனங்களுடைய அன்றாட வாழ்க்கை எப்படி இருந்தது என்பது நமக்கு நன்றாகத் தெரிவதற்கு ஒரு காரணம், இந்த சூவல் ஏறக்குறைய ஐம்பத்தைந்து வருஷம் டைரி எழுதினதுதான். 1674ல் ஆரம்பித்து 1729 வரைக்கும் எழுதியிருக்கிறார் (நடுவில் சில வருஷங்கள் கிடைக்கவில்லை). அதை வாசித்தால் நம்ம சபைக்காரர் ஒருவர் எழுதினது போலவே இருக்கும்.

அவர்களுடைய ஓய்வுநாள் சனிக்கிழமை பொழுது சாயும்போதே ஆரம்பித்துவிடும். ஞாயிறு காலையில் ஒரு ஆராதனை, மத்தியானம் ஒரு ஆராதனை. பிரசங்கியார் பக்கத்தில் மணல் கடிகாரம் இருக்கும். ஒரு மணி நேரம் என்பது சாதாரணப் பிரசங்கம். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். ஆர்கன் கிடையாது, சங்கீதங்கள் மாத்திரம் பாடுவார்கள். அதற்கென்று சங்கீதங்களைப் பாட்டாக மொழிபெயர்த்து 1640ல் ஒரு புத்தகம் அச்சிட்டார்கள். அந்த நாட்டு ஆங்கிலேயர் குடியேற்றங்களில் அச்சான முதல் புத்தகமே அதுதான். சூவல் தன் சபையில் இருபத்துநாலு வருஷம் பாட்டை எடுத்துக் கொடுக்கிறவராக இருந்தார். வயசான பிறகு அவர் ஒரு ராகத்தில் ஆரம்பிப்பார், சபை பாதியிலே வேறு ராகத்துக்குப் போய்விடும். 1718ல், கர்த்தர் எனக்கு ஓய்வு கொடுக்கிறார் என்று எண்ணி அந்த வேலையை விட்டுவிட்டார். பாட்டு எடுத்துக் கொடுக்கிற நம்ம அண்ணன்மாருக்கு இந்த வேதனை புரியும்!

கிறிஸ்துமஸ் கொண்டாடமாட்டார்கள். வேதத்தில் அந்தத் தேதி இல்லையே என்பார்கள். 1659 முதல் 1681 வரைக்கும் அன்றைக்குப் பண்டிகை கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம் என்று சட்டமே இருந்தது. வருஷா வருஷம் டிசம்பர் 25 அன்று சூவல் தெருவைப் பார்த்து, கடை திறந்திருக்கிறது, விறகு வண்டி வருகிறது என்று திருப்தியாக எழுதி வைப்பார்.

ஆலயத்துக்குள் அடுப்பு கிடையாது. 1686 ஜனவரியில் ஒரு ஞாயிறு, கர்த்தருடைய பந்தியின் அப்பம் குளிரில் கல்லாய் உறைந்துபோயிற்று. பிட்டுத் தட்டுகளில் போடும்போது கடகடவென்று சத்தம் கேட்டதாம். ஆனாலும் ஜனங்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். மின்விசிறி நின்றுபோனால் முகம் சுளிக்கிற என்னை நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் காலையும் மாலையும் குடும்ப ஜெபம். பிள்ளைகள் முறை வைத்து வேதம் வாசிக்க வேண்டும். ஐம்பது வீடு உள்ள ஊரில் கட்டாயம் ஒரு வாத்தியார் இருக்க வேண்டும் என்று 1647லேயே சட்டம் போட்டவர்கள் அவர்கள். வேதம் வாசிக்கத் தெரியாதவனைச் சாத்தான் சுலபமாக ஏமாற்றுவான் என்பதுதான் அதற்குச் சொன்ன காரணம். ஒருநாள் நாலு வயசு மகன் யோசேப்பு ஜெபநேரத்தில் விளையாடினான், ஒரு பித்தளைக் குமிழை எறிந்து அக்கா பெட்டியின் நெற்றியில் ரத்தம் வரப் பண்ணினான். அப்பா உள்ளே வந்ததும் பயல் தொட்டிலின் தலைமாட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். சூவல் பிரம்பால் அடித்தார், ஆனால் அவன் ஒளிந்ததைப் பார்த்ததும் ஏதேனில் ஒளிந்த ஆதாமின் ஞாபகம் வந்ததென்று எழுதுகிறார். இந்த யோசேப்பைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த அக்கா பெட்டி, பதினாலு வயசில் ஒருநாள் திடீரென்று அலறி அழுதாள். அப்பா வீட்டில் வாசித்த ஒரு பிரசங்கம் அவள் உள்ளத்தில் குத்தியிருந்தது. நான் நரகத்துக்குப் போய்விடுவேனோ, என் ஜெபம் கேட்கப்படவில்லையோ என்று நடுங்கினாள். வீடே சேர்ந்து அழுதது. அந்த ஜனங்களிடத்தில் இந்தப் பயம் அதிகம். மன்னிப்பின் நிச்சயத்தைப் பற்றின சந்தோஷத்தைக் காட்டிலும் தெரிந்துகொள்ளப்பட்டோமா இல்லையா என்கிற நடுக்கமே அவர்களுக்குள் மேலோங்கியிருந்தது என்பது என் எண்ணம். சூவலே 1677ல் சபையில் சாட்சி சொல்லி அங்கமாகி முதன்முதல் பந்தியில் உட்கார்ந்தபோது, அவிசுவாசத்தோடு வந்துவிட்டேனே, இங்கேயே விழுந்து சாவேனோ என்று பயந்திருக்கிறார்.

1676ல் ஹன்னா ஹல் என்கிற பெண்ணை விவாகம் பண்ணினார். அவள் அப்பா பாஸ்டனில் வெள்ளிக் காசு அடிக்கிற சாலையை நடத்தின பெரிய செல்வந்தர். பதினாலு பிள்ளைகள் பிறந்தன. அவற்றில் பாதிக்குமேல் சிறுவயசிலேயே மண்ணுக்குப் போயின.

இப்போது 1692க்கு வருவோம்.

பாஸ்டனுக்கு வடக்கே சேலம் என்று ஒரு ஊர். நம்ம சேலம் அல்ல. மெல்கிசேதேக்கு ராஜாவாயிருந்த சாலேமின் பெயரை, சமாதானம் என்ற அர்த்தத்துக்காக, அந்த ஊருக்கு வைத்தார்கள். அதைச் சேர்ந்த கிராமத்தில் ஊழியக்காரர் சாமுவேல் பாரிஸ் வீட்டில் ஒன்பது வயசு மகளும் பதினொரு வயசு உறவுக்காரப் பெண்ணும் கைகால் முறுக்கிக் கத்த ஆரம்பித்தார்கள். வைத்தியர் இது பொல்லாத கையின் வேலை என்றார். அவ்வளவுதான். யார் செய்தது, யார் செய்தது என்று பிள்ளைகளை நெருக்கினார்கள். முதலில் மூன்று பேர் பெயர் வந்தது. அந்த வீட்டு அடிமைப்பெண் டிட்டுபா, பிச்சையெடுத்துத் திரிந்த சாரா குட், சபைக்கு வராத நோயாளி சாரா ஆஸ்போர்ன். ஆதரவில்லாதவர்கள்தானே முதலில் அகப்படுவார்கள்! பிறகு பெரியவர்கள் பெயரும் வந்தது. நூற்றைம்பது பேருக்கு மேல் சிறைக்குப் போனார்கள். நாலைந்து வயசுக் குழந்தையைக்கூட விலங்கு மாட்டி வைத்தார்கள்.

விசாரிக்க ஒன்பது நீதிபதிகள் கொண்ட தனி நீதிமன்றத்தைக் கவர்னர் ஏற்படுத்தினார். தலைமை நீதிபதி வில்லியம் ஸ்டவுட்டன். சூவல் அவர்களில் ஒருவர். யாத்திராகமம் 22:18ஐ வைத்து, சூனியத்துக்கு மரணம் என்று அந்தக் குடியேற்றம் 1641லேயே சட்டம் எழுதியிருந்தது.

இங்கேதான் பிரியமானவர்களே, நாம் நிறுத்தி யோசிக்க வேண்டிய இடம். சாட்சி என்ன? இந்த அம்மாளுடைய உருவம் ராத்திரி என் படுக்கைக்கு வந்தது, என்னைக் கிள்ளினது, கழுத்தை நெரித்தது என்று பாதிக்கப்பட்டவர்கள் சொல்வார்கள். அந்த உருவம் வேறு யார் கண்ணுக்கும் தெரியாது. குற்றஞ்சாட்டப்பட்டவர் அந்த நேரம் தன் வீட்டில் தூங்கியிருந்தாலும் பயனில்லை, உருவம் போனதே என்பார்கள். ஒரு நல்ல மனுஷருடைய உருவத்தைப் பிசாசு எடுக்கத் தேவன் அனுமதிக்கமாட்டார் என்பது ஸ்டவுட்டனுடைய பிடிவாதம். சாத்தான் ஒளியின் தூதனைப்போல வேஷம் போடுவான் என்று பவுல் எழுதியிருக்க, சபையிலுள்ள ஒரு பாட்டியின் வேஷம் போட அவனுக்கு எவ்வளவு நேரமாகும்?

ரெபெக்கா நர்ஸ் என்று ஒரு தாயார். எழுபத்தொரு வயசு, காது மந்தம், சபையில் நல்ல சாட்சி பெற்றவர்கள். ஜூரிகள் முதலில் குற்றமில்லை என்றார்கள். உடனே பாதிக்கப்பட்ட பெண்கள் கூச்சலிட்டார்கள். மறுபடியும் யோசியுங்கள் என்று நீதிமன்றம் ஜூரிகளைத் திருப்பி அனுப்பிற்று. திரும்பி வந்து குற்றவாளி என்றார்கள். ஜூலை 19ல் தூக்கு. ஜார்ஜ் பரோஸ் என்கிற ஊழியக்காரர், சூவலுக்கு ஒரு வருஷம் முன்னால் அதே ஹார்வர்ட் கல்லூரியில் படித்தவர். ஆகஸ்ட் 19ல் தூக்குமரத்தின் ஏணியில் நின்று பரமண்டல ஜெபத்தை ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னார். சூனியக்காரனால் அந்த ஜெபத்தைச் சொல்லமுடியாது என்பது அவர்களுடைய நம்பிக்கை. ஜனங்கள் அழுதார்கள். ஆனாலும் தூக்கிலிட்டார்கள். கைல்ஸ் கோரி என்ற முதியவர் விசாரணைக்கு உட்பட மறுத்ததால் மேலே கல் அடுக்கிக் கொன்றார்கள். தூக்கில் பத்தொன்பது, கல்லில் ஒன்று. ஆம், நான் சூனியம் செய்தேன் என்று ஒப்புக்கொண்டு அந்தச் சொல்லிலேயே நின்றவர்களில் ஒருவரையும் தூக்கிலிடவில்லை. பொய் சொன்னவங்க பிழைச்சாங்க, தேவனுக்குப் பயந்து பொய் சொல்லமாட்டேன் என்றவங்க செத்தாங்க. இதைக் காட்டிலும் பயங்கரமான தலைகீழ் வேறு என்ன இருக்கிறது!

சூவல் கொடியவர் அல்ல. வாரம் தவறாமல் சபைக்குப் போனவர், உபவாசித்து ஜெபித்தவர். அந்த மாதங்களிலும் ஜெபித்தார். ஜெபிக்கிற ஒன்பது பேர் அந்த ஆசனத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

அக்டோபரில் மூத்த ஊழியக்காரர் இன்கிரீஸ் மாதர், உருவச் சாட்சியை நம்பி ஒருவரையும் சாகடிக்கக்கூடாது, குற்றமில்லாத ஒருவர் சாவதைவிட சந்தேகப்பட்ட பத்துப்பேர் தப்புவது மேல் என்று எழுதினார். கவர்னர் நீதிமன்றத்தைக் கலைத்தார். அப்புறம் ஊரே வாயை மூடிக்கொண்டது. நாலு வருஷம் அதைப் பற்றி அதிகம் பேசப்படவில்லை.

தேவன் பேசினார். 1696 மே மாதம் சூவலுக்கு ஒரு ஆண்பிள்ளை செத்தே பிறந்தது. டிசம்பர் 23ல் ரெண்டு வயசு மகள் சாராள் மரித்தாள். மறுநாள் துக்க வீட்டில் மூத்த மகன் சாம் அப்பாவுக்கு முன்பாக மத்தேயு 12ம் அதிகாரத்தின் ஒரு பகுதியை லத்தீனில் ஒப்புவித்தான். ஏழாம் வசனம் வந்தது. தேவன் விரும்புவது இரக்கத்தையே என்று உணர்ந்திருந்தால் குற்றமற்றவர்களை ஆக்கினைக்குள்ளாக்கியிருக்கமாட்டீர்கள் என்று பரிசேயரை ஆண்டவர் கடிந்துகொண்ட இடம் அது. சேலம் நடந்தது அப்படியே கண்முன் வந்து நின்றதாக அன்றைக்கு எழுதினார். அடுத்த நாள் குடும்பக் கல்லறைக்குள் தனியே இறங்கினார். மாமனார், மாமியார், தன் ஆறு பிள்ளைகள், இவர்களுடைய பெட்டிகளுக்கு நடுவே நின்று அவற்றோடு பேசினார். அன்று டிசம்பர் 25.

தன் பிள்ளைகள் மரித்தது சேலத்துக்காகத் தேவன் அடித்த அடி என்று அவர் விளங்கிக்கொண்டார். அப்பாவின் பாவத்துக்காகப் பிள்ளையை எடுத்தார் என்று நான் சொல்லத் துணியமாட்டேன். அந்த நாளில் பிள்ளைகள் எல்லா வீட்டிலும் மரித்தன. ஆனால் உடைந்த இருதயத்தோடு வசனத்தைக் கேட்டார் என்பது மாத்திரம் நிச்சயம்.

1697 ஜனவரி 14. சேலத்தின் காரியத்துக்காகக் குடியேற்றம் முழுவதும் உபவாச நாள். பாஸ்டனின் தெற்குச் சபையில், போதகர் சாமுவேல் வில்லார்ட் தன் இடத்தைக் கடந்துபோகும்போது சூவல் ஒரு காகிதத்தை அவர் கையில் கொடுத்தார். போதகர் அதைச் சபைக்கு வாசித்தார். வாசிக்கும்வரை சூவல் தன் இடத்தில் எழுந்து நின்றார். சேலம் நீதிமன்றத்தினால் வந்த பழியில் தன் பங்கு பெரிது, அதின் குற்றத்தையும் வெட்கத்தையும் நான் சுமக்க மனதாயிருக்கிறேன், மனுஷர் மன்னிக்க வேண்டும், தேவன் மன்னிக்கும்படி எல்லாரும் ஜெபிக்க வேண்டும் என்பது அதின் சாரம். வாசித்து முடிந்ததும் தலைகுனிந்து வணங்கி உட்கார்ந்தார். காலம் அப்படி, சட்டம் அப்படி, மேலதிகாரி சொன்னார் என்று ஒரு சாக்கும் அதில் இல்லை. ஒன்பது நீதிபதிகளில் இப்படி எழுந்து நின்றவர் இவர் ஒருவர்தான். ஜூரிகளில் பன்னிரண்டு பேர் அதே வருஷம் மன்னிப்புக் கேட்டுக் கையெழுத்துப் போட்டார்கள். ஸ்டவுட்டன் கடைசிவரை வருந்தவில்லை.

மனந்திரும்புதலுக்கு ஏற்ற கனி உண்டாயிருந்ததா? உண்டாயிருந்தது. வருஷந்தோறும் ஒருநாள் அந்தப் பாவத்துக்காக உபவாசித்தார் என்று அவரைப்பற்றிச் சொல்லுவார்கள். 1700ல், மனுஷரை அடிமையாக விற்பது பாவம் என்று, யோசேப்பை விற்றதை ஆதாரமாக வைத்து ஒரு சிறு பிரதியை அச்சிட்டார். நியூ இங்கிலாந்தில் அடிமைத்தனத்துக்கு விரோதமாக அச்சான முதல் பிரதி அதுவே. அதிலும் கறுப்பு ஜனங்களைத் தாழ்வாக நினைத்த வரிகள் இருக்கின்றன, மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் பாஸ்டன் துறைமுகத்தில் அடிமைக் கப்பல் வந்துகொண்டிருந்த காலத்தில், பணக்காரர் நடுவே இருந்த ஒரு பணக்காரர் அதை எழுதினார். 1718ல் அவரே தலைமை நீதிபதியானார். 1730 ஜனவரி 1ல் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

செத்தவர்களின் குடும்பத்தாருக்கு 1711ல் அரசாங்கம் நஷ்டஈடு கொடுத்தது. தண்டனை பெற்றவர்களில் கடைசியாக மீந்திருந்த ஒரு பெண்ணின் பெயரிலிருந்து குற்றம் நீக்கப்பட்டது 2022ல்தான். பழி போட ஒரு நிமிஷம். எடுக்க முந்நூற்று முப்பது வருஷம்.

தொட்டிலுக்குப் பின்னால் ஒளிந்த யோசேப்பை ஞாபகம் இருக்கிறதா? அவன் ஊழியக்காரனாகி, அப்பா எழுந்து நின்ற அதே சபைக்கு 1713ல் போதகரானான். 1740ல் ஜார்ஜ் விட்ஃபீல்ட் எழுப்புதலின் அக்கினியோடு பாஸ்டனுக்கு வந்தபோது, பயந்து கதவைச் சாத்தின ஊழியக்காரர்கள் உண்டு. யோசேப்பு சூவல் தன் பிரசங்க பீடத்தைத் திறந்துகொடுத்தார். பழைய மரக்கட்டிடம் போய்ச் செங்கல் கட்டிடம் எழும்பியிருந்தது. இடம் அதே இடம். ஆயிரக்கணக்கானவர்கள் அங்கே அழுதார்கள். அல்லேலூயா!

இனி நான் சொல்ல வேண்டியதைச் சொல்லுகிறேன்.

பல வருஷங்களுக்கு முன்னே ஒரு வீட்டு ஜெபத்தில் ஒரு பிள்ளைக்கு ஜுரம் இறங்காமலிருந்தது. தரிசனம் காண்கிற ஒருவர், இது செய்வினை, செய்தது இன்னார் என்று சபைக்கு வந்துகொண்டிருந்த ஒரு விதவைத் தாயாரின் பெயரைச் சொன்னார். அந்தம்மா அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். மூப்பன் என்ற முறையில் எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். தரிசனத்தை நான் மறுக்கிறவன் அல்ல. ஆனால் மற்றவர்கள் நிதானித்துப் பார்க்க வேண்டும் என்று 1 கொரிந்தியர் 14:29ல் இருக்கிறதே. நான் நிதானிக்கவில்லை. ஆமென் என்று சொன்னேன். பிள்ளைக்கு டைபாய்டு என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள், மருந்தில் சுகமாயிற்று. அந்தம்மா மட்டும் அப்புறம் சபைக்கு வரவில்லை. யாரும் போய் ஏன் என்று கேட்கவுமில்லை.

போன மாதம் தேடிப் போனேன். இப்போது மகள் வீட்டில் இருக்கிறார்கள். காப்பி கொடுத்தார்கள். நான் அழுது மன்னிப்புக் கேட்டேன். அந்தம்மா கோபப்படவில்லை. அன்னிக்கு எல்லார் முன்னாலயும் சொன்னீங்களே அண்ணே, இன்னிக்கு எங்கிட்ட மட்டும் வந்து சொல்றீங்களே என்று மட்டும் கேட்டார்கள்.

வரும் முதல் வெள்ளி உபவாச ஜெபத்தில் ஒரு காகிதத்தைப் பாஸ்டர் ஐயா கையில் கொடுக்கப்போகிறேன். வாசிக்கச் சம்மதித்திருக்கிறார். அந்தம்மாவையும் அழைத்திருக்கிறேன், வருவார்களா தெரியாது. எனக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.